கண்ணைக் கசக்கும் பிள்ளை: ஒவ்வாமைக் கண் நோய் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

"கண்ணைக் கசக்காதே" என்று பிள்ளைகளை அதட்டாத வீடு குறைவு. ஆனால், மாதக்கணக்கில் கண்ணைக் கசக்குவதும், வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் தவிப்பதும், காலையில் கண்ணில் நூல்போல் பீளை சேர்வதும் கெட்ட பழக்கமல்ல. அது ஒவ்வாமைக் கண் நோயாக இருக்கலாம்.

இந்நோயின் கடுமையான வகை 'வேர்னல்' கண் அழற்சி எனப்படுகிறது. குளிர் நாடுகளில் வசந்தகாலத்தில் தலைகாட்டுவதால் வந்த பெயர் இது. வெப்பமான நாடுகளில் ஆண்டு முழுவதும் நீடிக்கலாம். பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே தொடங்கும். ஆண் பிள்ளைகளை அதிகம் தாக்கும். பருவமடைந்த பின்னர் பலருக்குத் தணிந்துவிடும். இது தொற்றாது. ஆகவே பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் மறிக்கத் தேவையில்லை.

'வளர வளரச் சரியாகும்' என்று விட்டுவிடவும் முடியாது. மேல் இமையின் உட்புறத்தில் எழும் தடிப்புகள், கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலத்தை உரசிப் புண்ணாக்கலாம். புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம். தொடர்ந்து கசக்குவதால் அந்தப் படலம் மெலிந்து கூம்புபோல் பிதுங்கும் ஆபத்தும் உண்டு.

தூசு, மகரந்தம் போன்றவற்றால் உடலில் ஹிஸ்டமின் சுரந்து அரிப்பு உண்டாகிறது என்பதே பழைய விளக்கம். ஆனால் வேர்னல் நோயுள்ள பல பிள்ளைகளுக்கு ஒவ்வாமைப் பரிசோதனையில் எதுவும் தெரிவதில்லை. நோயெதிர்ப்புத் தொகுதியின் ரி கலங்களும் ஈசினோபில் கலங்களும் இதில் பெரும் பங்கு வகிப்பதை ஆய்வுகள் காட்டின. கடுமையான நோய்க்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து மட்டும் போதாமல் போவது இதனால்தான்.

இலேசான நோய்க்கு ஒலோபட்டடின் போன்ற சொட்டு மருந்துகள் உதவும். கடுமையானால் ஸ்டீரொயிட் சொட்டு மருந்து விரைவாகச் சுகம் தரும். சிக்கலும் அங்கேதான். வைத்தியரின் கண்காணிப்பின்றி நீண்டகாலம் விட்டால் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு பழுதாகலாம்; வெண்புரையும் வரலாம். நரம்பு பழுதானால் இழந்த பார்வை திரும்பாது. இதற்கு வலியும் இல்லாததால் பிள்ளை எதுவும் சொல்லாது.

எனவே ஸ்டீரொயிட்டைக் குறைக்கும் மருந்துகளை நோக்கி ஆய்வு திரும்பியது. உறுப்பு மாற்று சிகிச்சையில் பயன்பட்ட இரு மருந்துகள் சொட்டு மருந்தாயின. டக்ரோலிமஸுக்கு 2008 இல் ஜப்பானும், சைக்ளோஸ்போரினுக்கு 2018 இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2021 இல் அமெரிக்காவும் இந்நோய்க்கென அனுமதி வழங்கின. இவை தொடக்கத்தில் எரிவு தரலாம். பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கலாம். இடையில் நிறுத்தக்கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. சிறுவர் ஒவ்வாமை பற்றி 1990களில் தொடங்கிய ஐசாக் என்ற பன்னாட்டு ஆய்வு, கண் அரிப்பை மூக்கு ஒவ்வாமையுடன் சேர்த்தே கேட்டது. கண் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அந்தக் கணக்கில் தவறிப்போகிறார்கள். இப்போது வாசிப்பு, விளையாட்டு, பாடசாலை வரவு ஆகியவற்றில் நோய் தரும் பாதிப்பையும் ஆய்வாளர்கள் அளக்கின்றனர்.

கண் கிளினிக் தூரம். ஒரு நாள் போனால் அன்றைய கூலி போகும். அதனால் பழைய போத்தலைக் காட்டி அதே மருந்தை மீண்டும் வாங்குவது நடக்கிறது. வாங்கும் முன் "இதில் ஸ்டீரொயிட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்கள் இருந்தால், வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மேல் விடாதீர்கள். கண் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கண்மேல் வையுங்கள். வெயிலில் தொப்பி அணிவியுங்கள். விறகுப் புகை, நுளம்புத்திரிப் புகையிலிருந்து விலக்கி வையுங்கள். திடீர் வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.