தோட்ட வடிகால்

தோட்ட வடிகால் என்பது வீட்டைச் சூழ்ந்த நிலத்தில் தேங்கும் நீரைச் செடிகளின் வேர்ப்பகுதியிலிருந்தும் கட்டடத்தின் கடைக்காலிலிருந்தும் விலக்கும் அமைப்பு ஆகும். நிலத்தின் சரிவு, மண்ணின் நீர் உறிஞ்சும் திறன், வாய்க்கால், நிலத்தடிக் குழாய், உறிஞ்சு குழி ஆகியன இதன் கூறுகள். புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளில் வடிகால் குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. அங்கு மழையின் அளவைக் காட்டிலும், கட்டுமானப் பணியின்போது மண் அடையும் மாற்றமே பெரும்பாலும் நீர்த்தேக்கத்திற்குக் காரணமாகிறது.

மத்திகிரிப் பகுதியின் இயல்பு

மத்திகிரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் மாநகரின் ஒரு பகுதி ஆகும். 1824 இல் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணையால் இவ்வூர் அறியப்படுகிறது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் சுற்றுப்புற விளைநிலங்கள் பலவும் வீட்டு மனைகளாக மாறின.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இப்பகுதி மேடும் பள்ளமுமான நிலம் ஆகும். மேட்டில் விழும் மழைநீர் ஓடைகள் வழியே தாழ்வான ஏரிகளைச் சென்றடைவது இதன் இயற்கை அமைப்பு. செம்மண்ணே மிகுதி. உழுத செம்மண் நீரை எளிதில் உள்வாங்கும். ஆயினும் அதன் கீழடுக்கில் களித்தன்மை கூடுதலாக இருப்பது வழக்கம். தென்மேற்குப் பருவமழை முடிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதியாகப் பெய்கிறது.

காரணங்கள்

* மண் இறுக்கம்: செங்கல், ஜல்லி ஏற்றிய லாரிகளும் மண்வெட்டும் இயந்திரங்களும் ஓடுவதால் மண்துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் நசுங்குகின்றன. நீரும் காற்றும் உட்செல்ல வழியில்லாமல் போகிறது.
* அடுக்கு மாற்றம்: கடைக்காலுக்கு வானம் தோண்டும்போது வெளிவரும் களிமண், வளமான மேல்மண்ணின் மீது பரப்பப்படுகிறது.
* கட்டடக் கழிவு: சிமென்ட், உடைந்த செங்கல் முதலியவை தோட்டத்திலேயே புதைக்கப்படுகின்றன. சிமென்ட் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால், செடிகள் இரும்புச்சத்தை எடுக்க இயலாமல் இலைகள் மஞ்சளாகின்றன.
* தடைப்பட்ட சரிவு: சுற்றுச்சுவர், உயர்த்தப்பட்ட தெரு, மூடப்பட்ட ஓடை ஆகியன நீரின் பழைய வழியை மறிக்கின்றன.
* கூரை நீர்: 1,000 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் நீர் சேரும். அது முழுவதும் ஒரே குழாய் வழியே தோட்டத்தின் ஒரு மூலையில் விழுவதுண்டு.

விளைவுகள்

நீர் நிறைந்த மண்ணில் வேர்களுக்கு ஆக்சிசன் கிடைப்பதில்லை. வேரழுகல் நோய் பரவுகிறது. நீர் நிறைந்திருந்தும் செடி வாடுவது இதன் அறிகுறி. நீர் பற்றவில்லை என்று கருதி மேலும் நீர் ஊற்றுவதால் செடி விரைவில் மடிகிறது. பப்பாளி, முருங்கை, ரோஜா ஆகியவை எளிதில் பாதிக்கப்படும். சுவரோரம் தேங்கும் நீர் சுவரில் ஈரமேறச் செய்யும். தேங்கிய நன்னீரில் ஏடிசு கொசு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடையக்கூடும்.

மண் சோதனை

30 செ.மீ. ஆழமும் அகலமும் கொண்ட குழியில் நீர் நிரப்பி முழுவதும் வடியவிட வேண்டும். பின்னர் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என அளக்க வேண்டும். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் வடிகால் போதாது எனக் கொள்ளலாம். இச்சோதனையைத் தோட்டத்தின் பல இடங்களில் செய்வது நலம். ஓரிடத்தில் மட்டும் நீர் நின்றால், அங்கே புதைந்த கழிவோ இறுகிய மண்ணோ இருக்கக்கூடும்.

சீர்செய்யும் முறைகள்

செலவு குறைந்த முறையிலிருந்து தொடங்குவதே முறையாகும். முந்தைய படிகளைச் செய்யாமல் குழாய் பதிப்பதால் பெரும்பயன் விளைவதில்லை.

1. கூரை நீரைத் தனியே குழாய் வழியாகச் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டு செல்லுதல்.
2. சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு அமைத்தல். முதல் 3 மீட்டர் தொலைவில் நிலம் 15 செ.மீ. தாழ வேண்டும்.
3. கழிவுகளை அகற்றி, ஈரம் குறைந்த நாளில் இறுகிய மண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, மக்கிய தொழுவுரம் கலத்தல். களிமண்ணில் சிறிதளவு மணல் மட்டும் சேர்த்தால் அது மேலும் கெட்டியாகும்.
4. செடிகளை 20 முதல் 30 செ.மீ. உயர்ந்த மேட்டுப்பாத்தியில் நடுதல்.
5. இவற்றிற்குப் பின்னும் நீர் தேங்கினால் ஜல்லி வடிகால் அமைத்தல். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவுள்ள அகழியில் துளையிட்ட குழாயை வைத்து, சுற்றிலும் ஜல்லி இட்டு, மண் புகாதவாறு வடிதுணியால் மூட வேண்டும்.

ஜல்லி வடிகால் ஆங்கிலத்தில் பிரெஞ்சு வடிகால் என்று அழைக்கப்படுகிறது. இப்பெயர் பிரான்சு நாட்டைக் குறிப்பதன்று. பண்ணை வடிகால் குறித்து 1859 இல் நூல் வெளியிட்ட அமெரிக்கரான என்றி பிளாக் பிரெஞ்சு என்பவரின் பெயரால் வழங்குவது.

தாழ்வான, எப்போதும் ஈரமான மூலையில் கல்வாழை, சேம்பு, வல்லாரை போன்றவற்றையும், இடமிருப்பின் நாவல், நீர்மருது ஆகிய மரங்களையும் வளர்க்கலாம்.

வடித்த நீரின் பயன்பாடு

அக்டோபரில் நீர் தேங்கும் அதே தோட்டம் ஏப்ரலில் நீரின்றி வறள்வதுண்டு. ஆகவே நீரைத் தெருவுக்குத் தள்ளுவது முழுமையான தீர்வு ஆகாது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. களி அடுக்கைக் கடந்து, நீர் புகும் சிதைந்த பாறை அடுக்கு வரை தோண்டிய உறிஞ்சு குழியில் வடிகாலை முடித்தால் நீர் நிலத்தடியைச் சேரும். இக்குழி கடைக்காலிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியும், கழிவுநீர்த் தொட்டிக்கு அப்பாலும் அமைய வேண்டும்.

சட்ட நிலை

மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகத் தாழ்ந்த நிலத்திற்கு வழிந்தோடுவதை இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882 மேட்டு நில உரிமையாளரின் உரிமையாக ஏற்கிறது. இது இயல்பான ஓட்டத்திற்கே பொருந்தும். குழாய் வைத்து நீரைத் திரட்டி அண்டை மனையில் விடுவதை இவ்வுரிமையால் நியாயப்படுத்த இயலாது. எனவே சுற்றுச்சுவர் எழுப்புவதற்கு முன்பே, ஒரு மழையின்போது நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது பிற்காலச் செலவையும் அண்டை வீட்டாருடனான பிணக்கையும் தவிர்க்கும்.