உங்களுக்குத் தெரியுமா? மின்சாரக் காரில் நம் பாட்டுப் பெட்டி

◆ கார் டாஷ்போர்டில் இசைத்தட்டு சுழன்ற காலம் ஒன்று உண்டு. 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் நிறுவனம் ‘ஹைவே ஹை-ஃபை’ என்ற பிளேயரைப் பொருத்திக் கொடுத்தது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று. வீட்டில் அடுக்கி வைத்திருந்த தட்டு எதுவும் அதில் ஓடாது; அதற்கென்றே கொலம்பியா வெளியிட்ட தட்டுகளைத்தான் வாங்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே அது காணாமல் போனது. பிறகு 1960-இல் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த பிளேயர், எல்லார் வீட்டிலும் இருந்த 45 சுற்றுத் தட்டையே ஏற்றுக்கொண்டது. இன்று மின்சாரக் கார் பார்க்க ஷோரூமுக்குப் போகிறவரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: என்னிடம் இருக்கிற பாட்டு இதில் ஓடுமா?

◆ அமெரிக்காவில் கம்பெனியே கேசட் பிளேயர் பொருத்தி விற்ற கடைசிப் புதுக் கார் என்று சொல்லப்படுவது, 2010 மாடல் லெக்ஸஸ் எஸ்.சி. 430.

◆ ரெக்கார்டிங் சென்டரில் ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் கேசட்டை வாங்கி வந்த தலைமுறை நம்முடையது. 90 நிமிடக் கேசட்டுக்குள் இருக்கும் நாடாவை நீட்டினால் கிட்டத்தட்ட 130 மீட்டர் வரும். அதே 90 நிமிடத்தை எம்பி3-யில் உயர்ந்த தரமான 320 கிலோபிட்டில் மாற்றினால் 216 எம்.பி. ஒரு 64 ஜி.பி. பென் டிரைவில் அப்படி 290 கேசட்டுக்கு மேல் அடங்கும். பீரோவின் மேல் தட்டு முழுக்க இருந்த பாட்டு இப்போது சாவிக்கொத்தில் தொங்குகிறது.

◆ பென் டிரைவைச் செருகியும் கார் கண்டுகொள்ளவில்லையா? பாட்டைக் குறை சொல்லாதீர்கள், முதலில் ஃபார்மட்டைப் பாருங்கள். விண்டோஸில் பழகிய என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டைப் பல கார்கள் படிக்காது. டெஸ்லாவும் ஏற்காது, எக்ஸ்ஃபேட் போட்டால் எடுத்துக்கொள்ளும். பழைய ஃபேட்32 ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஓடும். ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது என்பதுதான் அதில் உள்ள வரம்பு, எந்தப் பாட்டும் அவ்வளவு பெரிதில்லை. டெஸ்லாவில் டாஷ்கேமும் பாட்டும் ஒரே பென் டிரைவில் வேண்டும் என்றால், அதை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்தாக வேண்டும்.

◆ காரில் இருக்கும் எல்லா யுஎஸ்பி துளையும் பாட்டுக்கானது அல்ல. சில துளைகள் போனுக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும்தான். மின்னல் அடையாளம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அந்த வகை. டெஸ்லாவின் மாடல் 3, மாடல் ஒய் கார்கள் பலவற்றில் க்ளவ் பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு துளை இருக்கும். பென் டிரைவுக்கு அது தோதான இடம்.

◆ இனிச் சொல்லப்போவதுதான் தமிழ்ப் பாட்டு சேர்ப்பவர்கள் எல்லாரும் படும் பாடு. ‘ரோஜா’ படப் பாடல்களை (1992) ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருப்போம். காரின் திரையில் பார்த்தால் படம் சிதறிக் கிடக்கும்: மின்மினி ஓரிடத்தில், ஹரிஹரன் ஓரிடத்தில், உன்னி மேனனும் சுஜாதாவும் இன்னோரிடத்தில். காரணம், இப்படிக் காட்டும் கார் ஃபோல்டரைப் பார்ப்பதில்லை. ஃபைலுக்குள் ஒட்டியிருக்கும் ‘டேக்’ என்ற சீட்டைப் படிக்கிறது. மேல்நாட்டு ஆல்பத்தில் பெரும்பாலும் ஒரே பாடகர், ஒரே குழு. நம் சினிமாப் பாட்டில் ஒரு படத்துக்குள்ளேயே எட்டுக் குரல். பாடகர் பெயரை வைத்து அடுக்கினால் படம் உடைந்துபோகும்.

இதற்கு மருந்து உண்டு. டேக்கில் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. படத்தின் எல்லாப் பாட்டுக்கும் அதில் ஏ.ஆர்.ரஹ்மான் என்று ஒரே மாதிரி எழுதிவிட்டால், அந்தக் கட்டத்தைப் படிக்கும் கார்களில் படம் மறுபடி ஒன்றுசேரும். ‘ஏ.ஆர்.ரஹ்மான்’ என்று ஒரு பாட்டிலும், ‘ஏ. ஆர். ரஹ்மான்’ என்று இடைவெளி விட்டு இன்னொன்றிலும் எழுதினால் கார் இருவராகக் கணக்குப் போடும். பாட்டு எண்ணை 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சில பிளேயர்களில் ஒன்றுக்கு அடுத்து பத்தாவது பாட்டு வரும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஒரு படத்துக்கு இரண்டு நிமிட வேலை இது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் படம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் ஐந்நூறு படம் ஒழுங்காகிவிடும்.

◆ திரையில் ‘எம்.எஸ்.விஸ’ என்று பாதிப் பெயர் வந்து, அடுத்து ஒரு கேள்விக்குறி நிற்கிறதா? அந்த ஃபைலில் 1996-இல் பிறந்த ஐடி3 டேக்கின் முதல் வடிவம் இருக்கக்கூடும். அதில் பாடகர் பெயருக்கு 30 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளிக்குக்கூடத் தனியாக மூன்று. எம்.எஸ்.விஸ்வநாதன் என்று முழுதாக எழுத 50 பைட் ஆகும். அதனால் ‘ஸ்’ஸின் புள்ளியை எழுதும்போதே இடம் தீர்ந்துவிடுகிறது. டேக்கை 2.3 வடிவத்துக்கு மாற்றி, பெயரை மறுபடி எழுதி யூனிகோடில் சேமித்தால் முழுதாக வரும். அப்போதும் ‘கொ’வின் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் தவறு உங்களுடையது அல்ல, காரின் திரைக்குத் தமிழைக் கோத்து எழுதத் தெரியவில்லை. வாங்கும் முன்பே ஒரு தமிழ்ப் பெயர் வைத்த பாட்டைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

◆ மேக் கணினியில் பாட்டு ஏற்றினால் சில கார்களில் ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை தெரியும். அதில் ஒன்று ஓடாது. அது, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து மேக் எழுதும் மறைவு ஃபைல். அழித்துவிடலாம், பாட்டுக்கு எதுவும் ஆகாது.

◆ சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். மின்சாரக் காரில் அந்த அலைவரிசையைப் பிடிப்பது கடினம். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் விநாடிக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி ஒட்டுகிறது. அதிலிருந்து எழும் இரைச்சல் ஏ.எம். அலைவரிசைக்குள் நேராக வந்து விழும். டெஸ்லா, பி.எம்.டபிள்யூ. போன்றவர்கள் மின்சாரக் கார்களில் ஏ.எம்.மையே எடுத்துவிட்டார்கள். ஃபோர்டும் எடுக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2023 மே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. இலங்கை வானொலியை அந்த நாளில் கேசட்டில் பிடித்து வைத்தவர்கள், அதை ஃபைலாக மாற்றிக்கொள்வதுதான் இப்போது வழி.

◆ ப்ளூடூத் வழியாக அனுப்பும்போது போனிலிருக்கும் எம்பி3 விரிக்கப்பட்டு, காற்றில் போவதற்காக மறுபடி சுருக்கப்படுகிறது. எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்க வேண்டிய எஸ்பிசி முறையில் இரண்டாவது சுருக்கலிலும் கொஞ்சம் ஒலி உதிரும். பென் டிரைவில் அந்த இரண்டாவது நசுக்கல் இல்லை. தம்பூராவும் வயலினும் சேர்ந்து இழையும் இடத்தில் வித்தியாசம் தெரியும்.

◆ கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. பாதி வழியில் சிக்னல் நின்றுவிட்டால் ஆன்லைன் பாட்டும் நின்றுவிடும். பென் டிரைவ் நிற்காது. மலையிறங்கும்போது மின்சாரக் காரில் இன்ஜின் உறுமல் கிடையாது, பிரேக்கின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டு பேட்டரிக்குச் சார்ஜ் சேர்க்கும். அந்த அமைதியில், ஜன்னலை ஏற்றிவிட்டு, ஒரு புல்லாங்குழல் ஆலாபனையைக் கேட்டபடி இறங்கிப் பாருங்கள்.

◆ ‘பாட்டுப் போட்டால் சார்ஜ் குறையுமே’ என்று ஸ்டீரியோவை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பாட்டுக்கு 50 வாட் செலவாகிறது என்று வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 150 வாட்-ஹவர். ஒரு கார் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். மூன்று மணி நேரப் பாட்டின் விலை ஒரு கிலோமீட்டர்!

◆ நம் ஊர்க் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். இடது கதவின் ஸ்பீக்கர் 60 சென்டிமீட்டர் அதிகத் தொலைவில் இருந்தால், அதன் ஒலி 1.7 மில்லி விநாடி பிந்தி வரும். இது காதுக்குப் போதும். பாடகர் வலது கதவுக்குள் நின்று பாடுவதுபோல் ஆகிவிடும். புதிய கார்களின் ஒலி அமைப்பில் அருகிலிருக்கும் ஸ்பீக்கரை அதே அளவு தாமதப்படுத்தும் வசதி உண்டு. செட்டிங்ஸில் ‘டிரைவர்’ என்று இருந்தால் தட்டிப் பாருங்கள். பாடகர் எழுந்து வந்து கண்ணாடிக்கு நடுவில் நிற்பார்.

◆ சத்தமில்லாத கார் நடந்து போகிறவருக்கு ஆபத்து என்பதால், ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் புதிய மின்சாரக் கார்கள் மெதுவாக ஓடும்போது வெளியே ஒலி எழுப்பியாக வேண்டும். பி.எம்.டபிள்யூ. தன் மின்சாரக் கார்களின் ஒலிகளுக்கு இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மரைத் தேடிப் போனது. மஹிந்திரா தன் மின்சார வண்டிகளுக்கு ஏ.ஆர்.ரஹ்மானிடம் வந்தது. டெஸ்லா ஒரு படி மேலே போய், சொந்தப் பாட்டையே வெளி ஸ்பீக்கரில் போட ‘பூம்பாக்ஸ்’ என்று ஒரு வசதி கொடுத்தது. ஓடும்போதும் அது ஒலித்ததால் எச்சரிக்கை ஒலி மூழ்கிவிடும் என்று 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் 5,78,607 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு கார்கூட ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை, ஓடும்போது பூம்பாக்ஸ் ஒலிக்காதபடி இணையம் வழியாகவே தடுத்துவிட்டார்கள். அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். பார்வையற்றவர் ஒருவர் காதை நம்பித்தான் சாலையைக் கடக்கிறார்.

◆ 80 கிலோமீட்டர் வேகத்தில் டயரும் காற்றும் போடும் சத்தத்தில் எம்பி3-க்கும், சேதாரமில்லாத ஃபிளாக் ஃபைலுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது சிரமம். நின்றிருக்கும் காரில் தெரியும். வேகச் சார்ஜரில் நிறுத்தும் அரைமணி நேரம் என்பது 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம். கதவை மூடினால், குளிர்விப்பான் சுற்றும் சத்தம் தவிர, வீட்டில்கூடக் கிடைக்காத அமைதி. உங்களிடமுள்ள நல்ல பதிவுகளை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

◆ வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் பென் டிரைவுக்கு நல்ல இடம் அல்ல. பாட்டின் மூலப் பிரதி எப்போதும் வீட்டில் இருக்கட்டும், காரில் இருப்பது நகல் மட்டும்.

◆ ஒவ்வொரு பாட்டின் டேக்கிலும் ஒரு படம் வைக்க இடம் உண்டு. படத்தின் போஸ்டர்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அப்பாவின் கேசட் ஒன்றை ஃபைலாக மாற்றியபோது, உள்ளே இருந்த அட்டையைப் போனில் படமெடுத்து 500-க்கு 500 பிக்சலாகச் சுருக்கி அந்த இடத்தில் வைத்தேன். நீல மையில் பக்கம் ஏ, பக்கம் பி. ஆறாவது பாட்டை அடித்துவிட்டு மேலே வேறொன்றை எழுதியிருக்கிறார். இப்போது பாட்டு தொடங்கியதும் அவர் கையெழுத்து காரின் திரையில் வந்து நிற்கிறது.