நீரில் நின்று வாடும் மிளகாய்

சென்ற தை மாதத்திலே, காலந் தவறிப் பெய்த மழை ஓய்ந்த மறுநாள், என் மாணவன் ஒருவன் வந்து, "ஐயா, எங்கள் மிளகாய்க் கன்றுகள் வெள்ளத்தில் நிற்கின்றன. ஆயினும் வெயில் ஏறியதும் துவண்டு போகின்றன. தண்ணீரில் நின்றும் வாடுவது ஏன்?" என்று வினவினான். அத்தோட்டத்திற்காக அவன் தாயாரின் காப்பு அடைவில் இருப்பதைப் பின்னரே அறிந்தேன்.

வேரும் நம்மைப்போலச் சுவாசிக்கின்றது. மண்மணிகளின் இடைவெளிகளில் உள்ள காற்றே அதற்கு ஆதாரம். அவ்விடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் ஒட்சிசன் வந்து சேர்வது அரிதாகும். காற்றிற் பரவுவதிலும் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே அது நீரிற் பரவும். எஞ்சியதையும் வேரும் நுண்ணுயிர்களும் விரைவில் தீர்த்துவிடும். பின்னர் வேர்க்கலங்கள் நொதித்தலாற் காலந்தள்ள வேண்டியதுதான். ஒட்சிசன் உள்ளபோது ஒரு குளுக்கோசு மூலக்கூறு ஏறக்குறைய 30 ஏ.ரி.பீ. மூலக்கூறுகளைத் தரும், நொதித்தலோ இரண்டையே தரும். சம்பளம் நின்றுபோன வீட்டின் நிலை! கலங்களினுள் அமிலத்தன்மை ஏற, அவற்றின் மென்சவ்விலுள்ள நீர்வழிகள் மூடிக்கொள்கின்றன. காலடியில் வெள்ளம் நிற்கச் செடி தாகத்தால் வாடுகின்றது. இலைவாய்கள் அடைபட, ஒளித்தொகுப்புக் குன்றுகின்றது, கீழிலைகள் மஞ்சளாகின்றன.

இதனை அறியாதார், வாடிய கன்றைக் கண்டு இன்னுமொரு குடம் ஊற்றுவர். எங்கள் வளவிலும் அது நடந்ததுண்டு, ஊற்றியவன் நானே.

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் அறைகள் உண்டு. மிளகாய்க்கு அந்த வசதி மிகச் சொற்பம். சில இனங்கள் மட்டும் தண்டின் அடியில் புதுவேர் விட்டு ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. தைவானிலுள்ள உலக மரக்கறி நிலையம், வெள்ளந் தாங்கும் மிளகாய் இனங்களின் அடித்தண்டில் இனிப்பு மிளகாயை ஒட்டும் முறையைப் பரப்பியுள்ளது.

ஓரிரு நாளில் நீரை வடித்தால் கன்று மீளக்கூடும். நாள் நீளின் வேர் அழுகும்; நோயும் சேரும். 1922 இல் நியூ மெக்சிக்கோ மிளகாயில் லியோனியன் கண்டு விவரித்த பைட்டோதோரா கப்சிசி என்னும் நோயுயிரின் வித்திகள், நீரிலே நீந்திச் சென்றே வேரைப் பற்றுகின்றன.

அன்று மாலையே தந்தையும் மகனும் வரம்பை வெட்டி நீரை வடித்தனர். மேட்டுக் கன்றுகள் சில நாளில் நிமிர்ந்தன. பள்ளத்து நான்கு வரிசைகளும் பட்டுப்போயின. அவ்விடத்தில் இப்பொழுது மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டியிருக்கின்றனர். காப்பு இன்னும் மீளவில்லை.