கசடு காய்ந்தால் கழிவு தீர்ந்துவிடுமா?

வடிகட்டுதலையும் ஆவியாதலையும் மாணவர்கள் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். இவை இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இடம்தான் கசடு உலர்த்தும் படுகை. திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பள்ளிகளில், இப்பாடத்தை மாணவர்களின் சூழலோடு இணைத்துச் சொல்லலாம்.

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் படியும் குழம்பே கசடு. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உலர்த்தும் படுகை என்பது சுவர் எழுப்பிய ஆழமற்ற தொட்டி. அடியில் துளையிட்ட குழாய், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் மணல். மணல்மீது கசடை ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புவார்கள். முதல் சில நாள்களில் நீர் மணல் வழியே கீழே வடிகிறது. மீதியை வெயிலும் காற்றும் உறிஞ்சுகின்றன. கசடு ஏரிக்கரை வண்டல்போல் வெடித்ததும் மண்வெட்டியால் அள்ளலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே கூரையில்லாத படுகை சரிவர உலராது.

கணக்கு வகுப்புக்கும் இதில் வேலை உண்டு. 100 கிலோ கசடில் 98 விழுக்காடு தண்ணீர் என்றால் திடப்பொருள் 2 கிலோ. தண்ணீர் 96 விழுக்காடாகக் குறைந்தால் மொத்த எடை எவ்வளவு? பலரும் 98 கிலோ என்பார்கள். சரியான விடை 50 கிலோ. 60 விழுக்காடாகும்போது வெறும் 5 கிலோ.

எடை குறைந்தாலும் நஞ்சு குறைவதில்லை. உலோகப் பூச்சு ஆலைக் கழிவுநீரில் சுண்ணாம்பு சேர்த்தால் துத்தநாகம், நிக்கல் போன்றவை ஹைட்ராக்சைடாகப் படிகின்றன. நீர் போகப் போக, மிஞ்சும் ஒவ்வொரு கிலோவிலும் உலோகத்தின் அளவு கூடுகிறது. அதை எருவாக இடவோ பள்ளம் நிரப்பவோ கூடாது. இத்தகைய அபாயகரக் கழிவுகளைப் புதைக்கவே, மண்ணுக்குள் கசிவு இறங்காதபடி தடுப்பு விரித்த பொது நிலநிரப்பிடம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017இல் தொடங்கிய நிலையத்திலும் உலர்த்தும் படுகைகள் உண்டு. அங்கே வருவது வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளின் கசடு. அத்தகைய கசடை முறையாகப் பதப்படுத்திக் கிருமி நீக்கினால் உரமாக்கலாம். படுகை ஒன்றுதான், எங்கிருந்து வந்த கசடு என்பதே அது போய்ச்சேரும் இடத்தைத் தீர்மானிக்கிறது.

வகுப்பறைச் செயல்பாடு: நெகிழிப் புட்டியின் அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். மூடியில் துளையிட்டுப் புட்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். முதலில் கூழாங்கல், அதன்மேல் மணல் நிரப்பி, உப்புக் கலந்த களிமண் குழம்பை ஊற்றுங்கள். வடிந்த நீரில் சில துளிகளைக் கண்ணாடித் தகட்டில் காயவிட்டால் வெள்ளைப் படிவு தெரியும். மண் நின்றது, கரைந்த உப்பு நீரோடு வந்துவிட்டது. படுகையிலிருந்து வடியும் நீரை ஏன் மீண்டும் சுத்திகரிப்புக்கே அனுப்புகிறார்கள் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதற்கு உண்மையான கசடையோ ஆலைக் கழிவையோ பயன்படுத்த வேண்டாம். சாலையோரம் கொட்டிக் கிடக்கும் நிறமண்ணைத் தொடக்கூடாது, பார்த்தால் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பதும் இப்பாடத்தின் பகுதியாகட்டும்.