லினக்ஸில் என்ன விளையாடலாம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுவிடலாமே என்று யோசிப்பவர்களை, பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளின் ஒரு கேள்வி நிறுத்திவிடுகிறது: “அதுல கேம் ஓடுமா?” பத்து வருடங்களுக்கு முன் இதற்கு உதட்டைப் பிதுக்குவதுதான் நேர்மையான பதில். இன்றும் அதையே சொன்னால் அது பழைய பஞ்சாங்கம். கேம்களுக்குப் பஞ்சமில்லை, தேடும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. விண்டோஸில் விளம்பரம் வழியாக கேம் நம் வாசலுக்கே வந்துவிடும். லினக்ஸில் நாம் தேடிப் போக வேண்டும். அப்படிப் போகும்போது பார்க்க வேண்டிய அடையாளங்களும் வேறு.

காசு கொடுத்து வாங்கும் பெரிய கேம்களை முதலில் பார்ப்போம். இவற்றில் பெரும்பாலானவை விண்டோஸை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. திரையில் ஒரு மரத்தை வரைய வேண்டுமென்றால்கூட, கேம் விண்டோஸிடம் அதற்கென்று உள்ள பெயரைச் சொல்லி உத்தரவு போடும். அந்த உத்தரவை வாங்கி லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தரும் துபாஷி வேலையை வைன் என்ற மென்பொருள் 1993 முதல் செய்துவருகிறது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், வைனின் மேல் எழுப்பிய புரோட்டானை 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. இப்போது ஸ்டீமில் கேமை வாங்கி ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் போதும், துபாஷி பின்னணியில் தானாக வேலை பார்க்கும். எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 போன்ற கனமான கேம்களே இப்படி ஓடுகின்றன. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கைக்கருவி இயங்குவதே லினக்ஸில்தான் என்பதால், வால்வுக்கு இது சொந்தப் பிழைப்பு. பரோபகாரத்தை நம்பி இருப்பதைவிட இது நமக்கு நல்லது.

ஆனால் எந்த கேம் எவ்வளவு நன்றாக ஓடும் என்று கடைக்காரர் சொல்வதைவிட ஆடியவர் சொல்வதே நம்பகமானது. புரோட்டான்டிபி என்ற தளத்தில் ஆட்டக்காரர்கள் எழுதும் அனுபவங்களை வைத்து ஒவ்வொரு கேமுக்கும் பிளாட்டினம், கோல்டு என்று தொடங்கி, ஓடவே ஓடாது என்பது வரை தரம் கிடைக்கிறது. பதக்கத்தைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடக் கூடாது. கீழே உள்ள குறிப்புகளில் தேதியையும், எழுதியவரின் கிராஃபிக்ஸ் கார்டையும் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய புகார் இன்று செல்லாக்காசாக இருக்கலாம். லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு இருக்கும் கேமே சிறந்தது என்ற நம்பிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெளியிட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்ட லினக்ஸ் பதிப்பைவிட, அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டான் வழியாக ஒழுங்காக ஓடுவது உண்டு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு: நண்பர்கள் எல்லோரும் ஆடுவது ஓடாவிட்டால் மற்ற ஆயிரம் ஓடி என்ன பயன்? வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் லினக்ஸில் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடிமட்டம்வரை இறங்கி வேலை செய்வது. மற்ற பல கேம்களில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு தடுப்பு மென்பொருள்களும் 2021-லேயே புரோட்டானுக்குக் கதவைத் திறந்துவிட்டன. தாழ்ப்பாளை நீக்க வேண்டியவர் கேமை உருவாக்கியவர். ஈஸி ஆன்டி-சீட்டின் சொந்தக்காரரான எபிக் நிறுவனமே தன் ஃபோர்ட்நைட்டுக்கு அதை நீக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் நீக்கிவிட்டு, 2024-இல் மறுபடி பூட்டிக்கொண்டது. இந்தக் குறைக்கு லினக்ஸ் தரப்பில் மருந்து இல்லை.

இலவசத் திறமூல கேம்கள் தனி உலகம். படம் சுமாராக இருக்கும் என்ற குறை பாதி உண்மை. சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற பந்தய கேமில் பெரிய கம்பெனிகளின் பளபளப்பைத் தேடினால் ஏமாற்றம்தான். யோசித்து ஆடும் கேம்களில் கதையே வேறு. 2003-இல் தொடங்கிய ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுகோணக் கட்டங்களில் படை நகர்த்தும் ஆட்டம். ஆறு சுற்று சேர்ந்தால் ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, பிறகு இரவின் இரண்டு ஜாமங்கள். ஈட்டி பிடித்த மனித வீரனின் அடி பகலில் 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க் என்ற அரக்கர் படைக்கு நேர்மாறு. அந்தி சாயும்போது முன்னேறுவதா, கோட்டைக்குள் ஒடுங்குவதா என்ற தவிப்புக்குப் பளபளப்பு எதற்கு? 1995-இல் வந்த ‘டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்’ஸை அடியொற்றி 2004-இல் பிறந்த ஓப்பன்டிடிடி-யும் இதே ரகம்: ரயில் பாதை போட்டு, சிக்னல் வைத்து, நிலக்கரி ஏற்றி லாபம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இன்றுவரை புதிய பதிப்புகள் வருகின்றன. இலவச கேமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கடைசிப் பதிப்பு வந்து பல வருடம் ஆகியிருந்தால் தாண்டிப் போய்விடலாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் வேலையும் கிடையாது, உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் மென்பொருள் கடையிலேயே இவை கிடைக்கும்.

லினக்ஸ் போடும் முன், நிஜமாகவே வாராவாரம் ஆடும் ஐந்து கேம்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பட்டியலில் வேலரன்ட் இருந்தால் விண்டோஸை அழிக்க வேண்டாம். அதை ஒரு பகுதியில் விட்டுவைத்து, மிச்ச இடத்தில் லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.