பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கும் கணிப்பொறி

(இளம் அறிவியல், கணிதம், மூன்றாம் ஆண்டு)

"நேற்று இருந்த நிலைக்கே போய்விட்டால் போதும்" என்று கணிப்பொறியின் முன் அமர்ந்து ஏங்காதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். புதிதாக ஒரு மென்பொருளைப் போடுகிறோம். மறுநாள் ஒலி வரவில்லை, அச்சுப்பொறி அசையவில்லை. போட்டதை நீக்கினாலும் கெட்டது சரியாவதில்லை. இத்தகைய வேளைக்கென்றே கணிப்பொறிக்குள் ஒரு வசதி வைக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் 'சிஸ்டம் ரெஸ்டோர்'. அதைப் பற்றி அறிந்தவர்களும், அது வேலை செய்ய மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அதைப் பற்றி நான் படித்தும் செய்தும் அறிந்தவற்றை இங்குக் கூற விரும்புகிறேன்.

எங்கள் ஊர் சீயமங்கலம். செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய சிற்றூர்களின் வீடுகளுக்குள் கணிப்பொறி நுழைந்ததற்குப் பெருங்காரணம், 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டம். தொடக்கத்தில் தரப்பட்ட பொறிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயக்க முறைமைகள் இருந்தன. பாஸ் என்பது நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அண்ணனோ அக்காவோ பள்ளியில் பெற்று வந்த பொறியில்தான் என் வயதினர் பலரும் விசைப்பலகையைத் தொட்டுப் பழகினோம். ஆனால் பொறியோடு வந்த குறிப்பேட்டை யார் படித்தார்கள்?

சிஸ்டம் ரெஸ்டோர் முதன்முதலில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் இடம்பெற்றது. அது செய்யும் வேலையை ஒரு கணக்கப்பிள்ளையின் வேலையோடு ஒப்பிடலாம். அவரிடம் ஒரு பேரேடு இருக்கிறது. அதில் ஒரு வரியை அடித்து எழுதுமுன், பழைய வரியை வேறொரு சிறு நோட்டில், இன்ன பக்கம் இன்ன வரி என்று குறித்து வைத்துக்கொள்கிறார். பேரேடு முழுவதையும் படியெடுப்பதில்லை. மாறும் வரியை மட்டுமே எடுத்து வைக்கிறார். என்றாவது "முந்தைய திங்கட்கிழமைக் கணக்கைக் காட்டு" என்றால், சிறு நோட்டைப் பார்த்து அடித்த வரிகளையெல்லாம் மீண்டும் பழையபடி எழுதிவிடுவார். விஸ்டா பதிப்பு முதற்கொண்டு விண்டோஸ் செய்வது ஏறத்தாழ இதுவே. வட்டு 16 கிலோபைட் அளவுள்ள துண்டுகளாகக் கவனிக்கப்படுகிறது. ஒரு துண்டில் புதியது எழுதப்படுமுன் பழையது ஒதுக்கிடத்தில் போய்ச் சேருகிறது. இதற்கு 'நிழற்படி' என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். கணக்கைக் குறிக்கத் தொடங்கிய அந்த நாளுக்குப் பெயர் மீட்புப் புள்ளி.

சிறு நோட்டுக்குப் பக்கங்கள் அளவாகவே உண்டு. வட்டில் நாம் ஒதுக்கிய இடம் நிரம்பியதும் மிகப் பழைய மீட்புப் புள்ளி முதலில் கிழித்தெறியப்படும். ஆகவே ஆறு மாதத்திற்கு முந்தைய நிலையைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

இந்த வசதி எதைத் தொடும், எதைத் தொடாது என்பதில்தான் குழப்பம் மிகுதி. இயக்க முறைமையின் கோப்புகள், 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் அமைப்புப் பதிவேடு, அச்சுப்பொறி முதலிய கருவிகளை இயக்கும் 'டிரைவர்'கள், நிறுவப்பட்ட மென்பொருள்கள் ஆகியவை பின்னோக்கிச் செல்லும். நாம் எழுதிய கட்டுரை, எடுத்த புகைப்படம், போட்ட கணக்கு ஆகியவை அப்படியே இருக்கும். இதன் மறுபக்கத்தையும் கூறிவிட வேண்டும்: தவறி அழித்த புகைப்படத்தை இதனால் மீட்டுத் தர இயலாது. விடுதியில் நண்பர் ஒருவர் சுற்றுலாப் படங்களை அழித்துவிட்டு இதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். படம் வரவில்லை, புதிதாகப் போட்டிருந்த மென்பொருள் போனதுதான் மிச்சம்.

இனி, இது தோற்றுப்போன ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். என் அக்கா எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதுகிறவர். பன்னிரண்டு பேரின் சேமிப்பும் கடன் தவணையும் வீட்டுக் கணிப்பொறியில் அட்டவணையாக இருந்தன. புதிய கடனுக்காகத் திங்கட்கிழமை காலை வங்கியில் அச்சிட்ட கணக்கைக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை தம்பி, பொறி மெதுவாக ஓடுகிறதென்று, வேகத்தைக் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்த இலவச மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டான். அது டிரைவர்களையெல்லாம் தன் விருப்பம்போல் மாற்றிவிட்டது. திரையில் எழுத்துகள் பூசணிக்காய் அளவு ஆயின. அச்சுப்பொறி மூச்சு விடவில்லை. தமிழ் 99 விசைப்பலகையில் தட்டினால் கட்டம் கட்டமாக வந்தது.

"கணக்கெல்லாம் போயிடுச்சாடா?" என்றார் அக்கா.

"கணக்கு எங்கேயும் போகலக்கா. அதைத்தான் முதல்ல எடுத்து வைக்கணும்" என்றேன்.

பழுது பார்ப்பதில் முதல் வேலை பழுது பார்ப்பதன்று. கணக்குக் கோப்பை ஒரு பென்டிரைவில் படியெடுத்தோம். வேறொரு பொறியில் அது திறக்கிறதா என்றும் பார்த்தோம். இனி எது நடந்தாலும் திங்கட்கிழமை காலை எந்தக் கடையிலாவது அச்செடுத்துக்கொள்ளலாம். அக்கா அதன் பிறகுதான் இரவுச் சமையலுக்கு எழுந்தார்.

பிறகு சிஸ்டம் ரெஸ்டோரைத் திறந்தேன். பட்டியலில் இரண்டு புள்ளிகள் இருந்தன: ஒன்று தம்பி மென்பொருளைப் போடுமுன் தானாகவே உண்டானது, மற்றொன்று அதற்கு ஒன்பது நாள் முந்தையது. எப்போதும் கேட்டிற்கு மிக அருகிலுள்ள முந்தைய புள்ளியையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இழப்பு குறைவாக இருக்கும். பட்டியலுக்குக் கீழே 'பாதிக்கப்படும் மென்பொருள்களைத் தேடு' என்று பொருள்படும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் எவை நீங்கும், எவை திரும்பி வரும் என்று காட்டும். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

பொறி அணைந்து எழுந்தது. அரை மணி நேரம் வட்டம் சுற்றியது. இறுதியில், மீட்பு நிறைவேறவில்லை, கோப்புகளும் அமைப்புகளும் மாற்றப்படவில்லை என்ற அறிவிப்பும், அதனடியில் 80070005 என்று முடியும் பிழை எண்ணும் வந்தன. ஒன்பது நாள் முந்தைய புள்ளியையும் முயன்றேன். அதே எண்.

நண்பர்களே, பிழை எண்ணைக் கண்டதும் சாளரத்தை மூடிவிடுவது நம் வழக்கம். நோயாளியின் நாடியைப் பாராமல் மருந்து தருவது போன்றது அது. எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 80070005 என்றால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று பொருள். யார் மறுத்தார்கள்? பெரும்பாலும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்தான். மீட்பின்போது எல்லாக் கோப்புகளும் பழையதாக மாற வேண்டும். வைரஸ் எதிர்ப்பியின் சொந்தக் கோப்புகளும் அவற்றுள் அடக்கம். அதுவோ தன் கோப்புகளில் யார் கை வைத்தாலும் தடுக்கும்படி அமைக்கப்பட்டது. கொல்லைக் காவலுக்குக் கட்டிய நாய் வீட்டுக்காரரையே உள்ளே விடாத கதைதான். மீட்பு வேலையில் பாதி முடித்துப் பாதி விடுவது என்பதில்லை. ஒரு கோப்பு மறுக்கப்பட்டாலும் செய்தவற்றையெல்லாம் கைவிட்டுத் தொடங்கிய இடத்திற்கே வந்துவிடும். அதனால்தான் அந்த அறிவிப்பில் 'எதுவும் மாற்றப்படவில்லை' என்ற ஆறுதல் வரியும் இருந்தது.

வைரஸ் எதிர்ப்பியை மூலையிலுள்ள சின்னத்தின் வழியாக நிறுத்தி வைப்பது சில பொறிகளில் போதும். எங்களுடையதில் போதவில்லை. நிறுத்தியதாகக் காட்டினாலும் அதன் தற்காப்பு விழித்தே இருந்தது. அடுத்த வழி 'சேஃப் மோட்'. இந்நிலையில் பொறி இன்றியமையாத சிலவற்றை மட்டுமே ஏற்றிக்கொண்டு எழும். பிற நிறுவனங்களின் காவலாளிகள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பர். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று சென்று, மீண்டும் எழுந்ததும் எண் 4-ஐ அழுத்த வேண்டும். உள்ளே போனதும் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் ஆர், எஸ், டி, ஆர், யு, ஐ என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் சிஸ்டம் ரெஸ்டோர் திறக்கும். சாதாரண நிலையில் செய்த மீட்பைப் பிடிக்காவிட்டால் திரும்பப் பெறலாம். சேஃப் மோடில் செய்ததைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அன்றிரவே செய்திருக்கலாம். ஆனால் அது மேசைக் கணிப்பொறி, யு.பி.எஸ். கிடையாது. கோப்புகள் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் இயக்க முறைமையே எழாமல் போகக்கூடும். மடிக்கணிப்பொறி வைத்திருப்போர்க்கு மின்கலம் துணை நிற்கும். நமக்கு மின்வாரியமே துணை. மழைக் காற்று அடங்கிய ஞாயிறு விடியற்காலையில் தொடங்கினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. திரை பழைய அளவுக்கு வந்தது, அச்சுப்பொறி ஓடியது. அக்கா முதலில் தட்டிப் பார்த்தது 'அ' என்ற எழுத்தை.

எல்லார்க்கும் காரணம் இதுவாகவே இருக்குமென்பதில்லை. பட்டியல் வெறுமையாக இருப்பதுதான் அதிகம் காணப்படுவது. விண்டோஸ் 10 வந்தபின் பல பொறிகளில் இந்தக் காவல் அணைந்த நிலையிலேயே இருக்கிறது. நாம்தான் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' பகுதியில் சென்று இயக்க வேண்டும். இயக்கி வைத்ததைப் பிறகு அணைத்தால் இருந்த புள்ளிகளெல்லாம் அழிந்துவிடும். வட்டைத் துப்புரவு செய்யும் கருவியிலும், கடைசிப் புள்ளியைத் தவிர மற்றவற்றை அழிக்கும் வசதி ஒன்றுண்டு. இடம் மிச்சம் என்று அழுத்திவிடுகிறார்கள். எங்கள் ஊர்க் குடைவரைத் தூணில் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் வெட்டுவித்த எழுத்து இன்னும் படிக்கும்படி இருக்கிறது. கணிப்பொறியின் நினைவு அத்தகையதன்று; இடப் பற்றாக்குறைக்கே அழிந்து போகும்.

நிழற்படி எடுக்கும் சேவை முடக்கப்பட்டிருந்தாலும் மீட்பு நடவாது. 'சர்வீசஸ்' பட்டியலில் 'வால்யூம் ஷேடோ காப்பி' என்பதற்கு எதிரே 'டிஸேபிள்டு' என்றிருந்தால் 'மேனுவல்' என்று மாற்ற வேண்டும். வேகம் கூட்டும் மென்பொருள்கள் சில, சேவைகளை முடக்குவதையே திறமையாகக் கருதுகின்றன என்பதால் இதையும் பார்ப்பது நல்லது.

வட்டிலோ இயக்க முறைமைக் கோப்புகளிலோ சிதைவு இருக்கலாம். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'ஸ்கேன்நவ்' என்ற சொல் ஆகியவற்றைத் தட்டினால், சிதைந்த கோப்புகளைக் கண்டு சரிசெய்ய அது முயலும். வட்டையே ஆராய 'செக் டிஸ்க்' இருக்கிறது. ஆனால் வட்டு கரகரவென்று ஒலித்துக்கொண்டோ அடிக்கடி உறைந்தோ இருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம்; உடனே கோப்புகளைப் படியெடுத்துவிட வேண்டும். சாகும் வட்டைச் சோதனையில் அலைக்கழித்தால் அது விரைவில் சாகும்.

வைரஸ் புகுந்த பொறிக்கு இந்த வசதி மருந்தாகாது. மீட்புப் புள்ளிக்குள்ளேயே வைரஸும் பதிவாகியிருக்கக்கூடும்.

எதுவும் பலிக்கவில்லையெனில் 'ரீசெட்' என்ற வழி உண்டு. 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்புகள் நிற்கும். நாம் போட்ட மென்பொருள்கள் எல்லாம் நீங்கும். தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் மறுபடி அமைக்க ஓர் அரைநாள் ஆகும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. எனவே அப்பதிப்பு உள்ள பொறியை ரீசெட் செய்யும் அளவுக்கு நிலைமை போனால், அதே பதிப்புக்குத் திரும்புவதா, லினக்ஸ் ஏதேனும் போடுவதா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பழைய பொறிக்கு லினக்ஸ் ஒத்துவரும் என்பது என் கருத்து. கணக்கு அட்டவணைக்கு 'லிபர் ஆபீஸ்' போதும்.

விண்டோஸ் எழவே மறுத்தாலும் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு லினக்ஸ் உதவும். ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து பொறியை எழுப்பினால், வட்டில் எதையும் நிறுவாமலே விண்டோஸ் கோப்புகளைப் பார்க்கலாம். விண்டோஸ் முழுதும் அணையாமல் அரைத் தூக்கத்தில் விடப்பட்டிருந்தால், வட்டை 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறப்பதாக ஓர் எச்சரிக்கை வரும். எழுத முடியாதே என்று அஞ்ச வேண்டியதில்லை. படியெடுப்பதற்குப் படிக்க முடிந்தால் போதும். வட்டு 'பிட்லாக்கர்' பூட்டு இடப்பட்டதாக இருந்தால் மட்டும் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணை அதே கணிப்பொறிக்குள் சேமித்து வைத்திருப்பவர்கள் நம் வகுப்பிலேயே இருவர் உள்ளனர்.