கம்யூனிட்டி மேனேஜர் நேர்காணல்: தயாராவது எப்படி?

ஒரு மென்பொருளையோ விளையாட்டையோ பயன்படுத்துவோர் டிஸ்கார்ட், ரெட்டிட், டெலிகிராம் போன்ற தளங்களில் குழுவாகக் கூடுகிறார்கள். அந்தக் குழுவை வளர்ப்பதும், சச்சரவுகளைத் தீர்ப்பதும், உறுப்பினர்களின் குறைகளை நிறுவனத்துக்குள் உரியவரிடம் சேர்ப்பதும் கம்யூனிட்டி மேனேஜரின் வேலை. சோஷியல் மீடியா மேனேஜர் நிறுவனத்தின் செய்தியை மக்களிடம் கொண்டுசெல்கிறார்; கம்யூனிட்டி மேனேஜரோ மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வழிசெய்கிறார். பல நேர்காணல்கள் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

ஆகவே தயாராவதும் விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் குழுவுக்குள்ளேயே தொடங்க வேண்டும். விண்ணப்பித்த கையோடு அதில் சேர்ந்து சில நாட்கள் கவனிக்கலாம். புதியவரை யார் வரவேற்கிறார்கள், எந்தக் கேள்விகள் பதிலின்றிக் கிடக்கின்றன, ஒரே புகார் எத்தனை முறை திரும்ப வருகிறது, விதிகள் எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்துகின்றனவா என்று குறித்துக்கொண்டால், பொதுவான பேச்சுக்குப் பதில் சான்றோடு பேசலாம். குறைகளைச் சொல்லும்போது அவை ஏன் நேர்ந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த காரணங்கள் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எண்களைப் பற்றிய கேள்வியும் தவறாமல் வரும். உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் சொல்பவருக்கு மதிப்பு குறைவு. இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் படிக்க மட்டுமே செய்கிறார்கள், 9 சதவீதத்தினர் எப்போதாவது எழுதுகிறார்கள், பெரும்பாலான பதிவுகள் மீதி 1 சதவீதத்தினருடையவை என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். இது தோராயக் கணக்குதான். ஆனாலும், பேசாதவர்கள் எல்லோரும் விலகிப் போனவர்கள் அல்லர் என்பதை இது உணர்த்துகிறது. ஒரு கேள்விக்கு முதல் பதில் வர ஆகும் நேரம், ஊழியர் தலையிடாமல் உறுப்பினர்களே தீர்த்துவைத்த கேள்விகளின் பங்கு, சேர்ந்து ஒரு மாதம் கழித்தும் திரும்பி வருவோரின் விகிதம் ஆகியவை குழுவின் நலத்தை இன்னும் தெளிவாகக் காட்டும்.

நேர்காணலின் கடினமான பகுதி, ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற வகைக் கேள்விகள். நிறுவனம் விலையை உயர்த்தப்போகிறது, குழு கொதிக்கிறது என்பது அடிக்கடி கேட்கப்படும் சூழல். இதற்கு 2023-இல் ரெட்டிட்டில் நடந்ததைப் படித்துவைப்பது உதவும். வெளிச் செயலிகள் தன் தரவைப் பயன்படுத்தக் கட்டணம் விதிக்க அந்நிறுவனம் முடிவெடுத்ததை எதிர்த்து, ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் தங்களை மூடிக்கொண்டன. மூடியவர்கள் சம்பளமின்றி அந்தக் குழுக்களை நடத்திவந்த மாடரேட்டர்கள். குழு யாருடைய உழைப்பில் நிற்கிறதோ அவர்களுக்கு முன்கூட்டியே தகவலும், காரணமும், மாற்றத்துக்குத் தயாராகப் போதிய அவகாசமும் தர வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் விடை. நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்துக் கோபத்தைத் தணிப்பதாகச் சொல்பவர் தேறுவது கடினம்.

சொந்த அனுபவத்தைக் கேட்டால் சூழல், பொறுப்பு, செய்த செயல், விளைவு என்ற வரிசையில் சொல்வது தெளிவாக இருக்கும். முன்பு இதே பதவியில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரி மன்றம், குடியிருப்போர் சங்கம், ரசிகர் குழு, பெரிய வாட்ஸ்அப் குழு ஆகியவற்றை நடத்தியதும் அனுபவமே. இரு தரப்பினர் மோதிக்கொண்ட ஒரு நிகழ்வையும், விதியை மீறியவரை நீக்க நேர்ந்த ஒரு நிகழ்வையும் முன்னரே எழுதிப் பார்த்துவைக்கலாம்.

சில நிறுவனங்கள் எழுத்துப் பணியும் தரும்: கோபமான பதிவுக்குப் பதில், வரவேற்புச் செய்தி, முதல் 90 நாட்களுக்கான திட்டம். பதிலில் முதலில் குறையை ஏற்று, தெரிந்ததைச் சொல்லி, அடுத்த தகவல் எப்போது வரும் என்று குறிப்பிட வேண்டும். திட்டத்தில் முதல் மாதம் கேட்பதற்கும் படிப்பதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தால் நம்பிக்கை கூடும்.

இறுதியில் விண்ணப்பதாரரும் கேட்க வேண்டும். பதவி விற்பனைப் பிரிவின் கீழா, வாடிக்கையாளர் சேவையின் கீழா? இரவிலும் விடுமுறையிலும் குழுவை யார் பார்க்கிறார்கள்? உறுப்பினரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், சேர்ந்தபின் எல்லாப் பழியும் அந்த ஒருவர் தலையில் விழக்கூடும்.